வாணிகத்தை நோன்பாகக் கொண்ட வ.உ.சிதம்பரனார்

முத்துக்கும் சங்குக்கும் உப்புக்கும் பெயர்பெற்றது தூத்துக்குடிக் கடற்கரை. கொற்கையில் பாண்டியர் முத்துக் குளிப்பித்த காலந்தொட்டு இக்கரையின் வளம் கடலிலிருந்தே வந்தது. மூச்சடக்கி ஆழத்தில் இறங்கியவர்கள் இம்மண்ணின் மக்கள். ஆயினும் பின்வந்த நூற்றாண்டுகளில் அவ்வளத்தை ஆண்டவர் முதலில் போர்த்துகீசியர், அடுத்து டச்சுக்காரர், இறுதியில் ஆங்கிலேயர். முத்துக்குளிப்பு அரசின் உரிமையாயிற்று; கடற்போக்குவரத்து அயல்நாட்டுக் கம்பெனியின் உரிமையாயிற்று. கரையில் நின்று மூட்டை கட்டுவதும் தோணி தள்ளுவதுமே நம்மவர்க்கு எஞ்சிய தொழில்களாயின.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் வழக்கறிஞர் ஒருவர். கப்பல் வணிகர் குடியில் பிறந்தவரல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். எனினும் ஒரு கடற்கரையின் வாணிகத்தையே தம் நோன்பாக ஏற்று, அந்நோன்பின் பொருட்டுத் தம்மிடம் இருந்த யாவற்றையும் இழந்தார். அவர் வ.உ.சிதம்பரனார். கப்பலோட்டிய தமிழர் என்றும் செக்கிழுத்த செம்மல் என்றும் அவரை நாடு போற்றுகிறது. அவர் சமணர் அல்லர். சைவ நெறியில் ஊறியவர். ஆயினும் இத்திருநாள் மலரில் அவரை நினைப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. இல்லறத்தார்க்கு நம் நெறி வகுத்த அணுவிரதங்கள் ஐந்தனுள் வாய்மை, கள்ளாமை, மிகுபொருள் விரும்பாமை ஆகிய மூன்றும் வாணிகம் செய்வோரை நாள்தோறும் சோதிப்பன. அச்சோதனையில் ஒரு மனிதர் எவ்வாறு நின்றார் என்பதே அவருடைய வரலாறு. மற்றொரு காரணத்தை இக்கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

திருநெல்வேலிச் சீமையில் பாஞ்சாலங்குறிச்சிக்கு அண்மையில் உள்ளது ஒட்டப்பிடாரம். அவ்வூரில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மூத்த மகனாகச் சிதம்பரனார் பிறந்தார். தந்தையார் அப்பகுதியில் பெயர்பெற்ற வழக்கறிஞர். மகன் ஊர்ப்பள்ளியில் தொடங்கிய கல்வியைத் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் தொடர்ந்தார். சிறிது காலம் ஒட்டப்பிடாரம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தார். பின்னர்த் தந்தையின் விருப்பப்படி திருச்சிராப்பள்ளி சென்று சட்டம் பயின்று, 1894ஆம் ஆண்டு தேர்வில் வெற்றி பெற்று, அடுத்த ஆண்டு முதல் ஒட்டப்பிடாரத்தில் பிளீடராகத் தொழில் நடத்தலானார்.

தந்தையும் மகனும் ஒரே தொழிலில் இருந்தனர். ஆனால் அவர்களை நாடி வந்தோர் வேறு வேறானவர். தந்தையாரிடம் வசதி படைத்தோர் வந்தனர். மகனோ எளியோர் வழக்குகளைத் தேடி ஏற்றார். கூலி தர இயலாதவர்க்கும் வாதாடினார். காவல்துறையாரின் பொய் வழக்குகளை உடைப்பதில் அவருக்கு இருந்த திறமை அதிகாரிகளின் பகையைத் தேடித் தந்தது. 1900ஆம் ஆண்டு அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

அக்காலத்து இல்லறமும் குறிப்பிடத்தக்கது. கண்பார்வையற்ற துறவியான இராமையா தேசிகர், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவரைத் தம் இல்லத்தில் தங்கச் செய்து சிதம்பரனார் உணவளித்தார். அவருடைய மனைவி வள்ளியம்மை அத்துறவிக்குத் தம் கையால் அன்னமிட்டார். உறவினர் முகஞ்சுளித்தனர், ஊரார் பழித்தனர். கணவனும் மனைவியும் பொருட்படுத்தவில்லை. வள்ளியம்மை 1901இல் மறைந்தார். பின்னர் மணந்த மீனாட்சி அம்மாளே சிறைக்காலத் துயரங்கள் அனைத்தையும் உடன் சுமந்தவர்.

கடல்மேல் ஒரு கம்பெனி

வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905இல் மூண்ட சுதேசி இயக்கம் தென்கோடிக்கும் பரவிற்று. சென்னை சென்றிருந்தபோது இராமகிருஷ்ண மடத்துத் துறவி இராமகிருஷ்ணானந்தரைச் சந்தித்து உரையாடியது தம் உள்ளத்தில் சுதேசிய விதையை ஊன்றியதாகச் சிதம்பரனார் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பாரதியாரின் நட்பும் அவ்விதைக்கு நீர் வார்த்தது. ஆனால் அவர் மேடைப் பேச்சோடு அமைபவர் அல்லர். தூத்துக்குடியில் சுதேசியப் பிரசார சபை, தரும சங்க நெசவுச் சாலை, தேசியப் பண்டகசாலை என நிறுவனங்களைத் தோற்றுவித்தார். அந்நியத் துணியை விலக்குக என்று சொன்னால் மட்டும் போதாது, உள்நாட்டுத் துணியை நெய்து கொடுக்கவும் வேண்டும் என்பது அவர் கருத்து.

அடுத்து அவர் பார்வை கடலின்மீது சென்றது. அந்நாளில் தூத்துக்குடிக் கரையோரம் ஆழம் குறைந்தது. பெருங்கப்பல்கள் கரையிலிருந்து பல கல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் தோணிகளே கப்பலுக்குக் கொண்டு சேர்க்கும். அங்கிருந்து கொழும்புக்குச் செல்லும் போக்குவரத்து முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. வாணிகப் பொருள்களும் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரும் அக்கம்பெனிக்கு ஓயாத வருவாய். கூலியை அதுவே நிர்ணயிக்கும். சரக்கை எப்போது ஏற்றுவது என்பதையும் அதுவே முடிவு செய்யும். தோணியும் நம்முடையது, சரக்கும் நம்முடையது. கப்பல் மட்டும் அவர்களுடையது. அந்த ஒன்றினால் ஆதாயம் முழுவதும் அவர்களுக்கே போயிற்று.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. நூற்றேழு ஆண்டுகளுக்கு முன், 1799ஆம் ஆண்டின் அதே நாளில்தான் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கம்பெனியின் முதலீடு பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கி இரண்டு இலட்சம் ரூபாய் அளித்துச் செயலாளரானார். எண்ணமும் உழைப்பும் தம்முடையவாயினும் சிதம்பரனார் ஏற்ற பதவி உதவிச் செயலாளர் என்பதே. இந்துக்களும் முகமதியரும் கிறித்தவரும் ஒரே ஏட்டில் பங்குதாரராயினர். கப்பல் ஓட்டுவதோடு, நம்மவர்க்கு மாலுமித் தொழில் பயிற்றுவதும், கப்பல் கட்டும் துறை அமைப்பதும் அதன் நோக்கங்களாக எழுதப்பட்டிருந்தன.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் கம்பெனியின் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி ஓட்டினர். ஆங்கிலக் கம்பெனியின் அச்சுறுத்தலால் ஷா லைன் பின்வாங்கியது. சிதம்பரனார் கொழும்பு சென்று வேறொரு கப்பலை வாடகைக்குக் கொணர்ந்து வழித்தடம் அறாமல் காத்தார். வாடகைக் கப்பல் என்றும் நம்மைக் கைவிடலாம் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் புறப்பட்டபோது அவருடைய மகன் நோயுற்றிருந்தான், மனைவி கருவுற்றிருந்தார். கப்பலின்றித் திரும்புவதில்லை, திரும்ப நேர்ந்தால் கடலிலேயே உயிர் நீப்பேன் என்று உறுதி பூண்டு அவர் சென்றார். 1907ஆம் ஆண்டு காலியா என்னும் கப்பலோடு மீண்டார். லாவோ என்னும் மற்றொரு கப்பலை எஸ்.வேதமூர்த்தி முதலியார் பிரான்சிலிருந்து வாங்கி வந்தார். காலியாவில் முதல் வகுப்பில் 42 பேரும் இரண்டாம் வகுப்பில் 24 பேரும் சாதாரண வகுப்பில் 1,300 பேரும் செல்லலாம். 4,000 மூட்டைகள் ஏற்றலாம். அக்கப்பல் தூத்துக்குடிக் கடலில் தோன்றியபோது மக்கள் திரண்டு கண்ட காட்சியைப் பாரதியாரின் இதழான இந்தியா சித்திரமாக வெளியிட்டு மகிழ்ந்தது.

பின்னர் நடந்தது கட்டணப் போர். ஆங்கிலக் கம்பெனி கொழும்புக்கான கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. ஆங்கிலக் கம்பெனி ஒரு ரூபாய்க்கு இறங்கிற்று; சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கிற்று. இறுதியில் கட்டணமே இன்றி ஏற்றிச் செல்வதாகவும், ஏறுவோர்க்குக் குடை ஒன்று இனாமாகத் தருவதாகவும் ஆங்கிலக் கம்பெனி அறிவித்தது. வாணிகர்க்கு இதன் பொருள் விளங்கும். இழப்பை ஆண்டுக்கணக்கில் தாங்கவல்ல பெருமுதல், தாங்க இயலாத சிறுமுதலை நெரிக்கும் வழி அது. கம்பெனியை விட்டு விலகினால் இலட்சம் ரூபாய் தருவதாகச் சிதம்பரனாரிடம் பேசிப் பார்த்ததாகவும் சொல்வர். அவர் விலகவில்லை. இனாமாகக் கிடைத்த பயணத்தை விடுத்து, காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினோரும் பலர் இருந்தனர். அவர்கள் வாங்கியது கொழும்புக்குச் செல்லும் சீட்டு மட்டுமன்று.

ஆலையும் சிறையும்

1907ஆம் ஆண்டு இறுதியில் சூரத்தில் கூடிய காங்கிரஸ் மிதவாதிகள், தீவிரவாதிகள் எனப் பிளவுபட்டது. சிதம்பரனார் திலகர் பக்கம் நின்றார். ஊர் திரும்பியபின் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடி வந்து சேர்ந்தார். கடற்கரை மணலில் நாள்தோறும் கூட்டங்கள் நடந்தன.

அவ்வூரில் ஆங்கிலேயர் நடத்திய கோரல் ஆலை இருந்தது. அதன் தொழிலாளர் விடியுமுன் சென்று இருட்டியபின் திரும்புவர். வார விடுமுறை இல்லை. கூலி மிகக் குறைவு. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் அவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். சிதம்பரனாரும் சிவாவும் அவர்களை வழிநடத்தினர். வேலை இழந்தோர்க்கு உணவளிக்கச் சிதம்பரனார் தம் கைப்பொருளையும் செலவிட்டார். வழக்கறிஞரும் வணிகரும் உதவினர். தொழிலாளரைப் பழித்தவர்க்கு நாவிதரும் வண்ணாரும் பணி செய்ய மறுத்தனர். ஒன்பது நாள் கழித்து நிர்வாகம் இணங்கி வந்தது. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வேலைநேரக் குறைப்பும் கிடைத்தன. ஒருவரையும் தாக்காமல், ஓர் இயந்திரத்தையும் உடைக்காமல், கை கட்டி நின்றே பெற்ற வெற்றி அது. தென்னாட்டில் தொழிலாளர் ஒன்றுபட்டு நின்ற தொடக்ககால நிகழ்ச்சிகளுள் அதற்குத் தனியிடம் உண்டு.

இவ்வெற்றி ஆட்சியாளரை அச்சுறுத்திற்று. விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட மார்ச் 9ஆம் நாள் கூட்டம் ஏற்பாடாயிற்று. மாவட்டக் கலெக்டர் விஞ்ச், சிதம்பரனாரைத் திருநெல்வேலிக்கு அழைத்து, மாவட்டத்தை விட்டு வெளியேறவும் அரசியலில் ஈடுபடுவதில்லை என உறுதி எழுதித் தரவும் கட்டளையிட்டார். அவர் மறுத்தார். மார்ச் 12ஆம் நாள் அவரும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. அரசு அலுவலகங்கள் தீக்கிரையாயின. காவலர் சுட்டதில் நால்வர் உயிர் துறந்தனர். சினம் கொண்ட கூட்டமும் துப்பாக்கி ஏந்திய அதிகாரமும் எதிர்நின்றால் முதலில் வீழ்வது எளியோர் உயிரே என்பதற்கு அந்நாள் சான்று. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நாம் அந்நால்வரையும் மறத்தலாகாது.

அரசவெறுப்பைத் தூண்டியதாகச் சிதம்பரனார்மீது ஒரு குற்றச்சாட்டு. சிவாவுக்கு உடந்தையாயிருந்ததாக மற்றொன்று. 1908ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரண்டுக்கும் தனித்தனியே ஆயுள் தண்டனை விதித்தார். இருபதும் இருபதுமாக நாற்பதாண்டு நாடுகடத்தல். தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். அக்கலக்கம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. அந்தமானுக்கு அனுப்பப்படாமல் கோயம்புத்தூர்ச் சிறையிலும் பின்னர்க் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் அடைக்கப்பட்டார்.

கோயம்புத்தூர்ச் சிறையில் அவரைச் செக்கில் மாட்டாகப் பூட்டி எண்ணெய் ஆட்டச் செய்தனர். கொதிக்கும் வெயிலில், தோலுரிந்த கைகளோடு, கப்பல் நடத்திய மனிதர் செக்கைச் சுற்றி வந்தார். வாயில்லா மாட்டைக்கூட வதைக்கலாகாது என்பது நம் அறம். மாடு செய்யும் வேலையை மனிதன்மீது சுமத்திய தண்டனை எத்தகையது என்பதைச் சொல்லி விளக்க வேண்டுவதில்லை.

கம்பெனியின் முடிவு

தலைவர் சிறைப்பட்டபின் கம்பெனி தளர்ந்தது. அவருடைய அரசியலைப் பங்குதாரர் பலர் முன்பே அஞ்சினர். கைதுக்குப்பின் அவ்வச்சம் பெருகிற்று. தொடர்ந்து பண உதவி செய்யவோ இழப்பைப் பகிர்ந்துகொள்ளவோ முன்வந்தோர் சிலரே. 1911ஆம் ஆண்டு கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் விற்கப்பட்டன, காலியா, எந்தக் கம்பெனிக்கு எதிராக வாங்கப்பட்டதோ அதே ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. தமக்கு விதித்த தண்டனையை அமைதியாக ஏற்ற சிதம்பரனார் இச்செய்தியில் உள்ளம் உடைந்தார். கப்பலை உடைத்து நொறுக்கிக் கடலில் எறிந்திருந்தாலும் தம் மனம் ஆறியிருக்கும், எதிரிக்கு விற்றது ஆறவில்லை என்பது அவர் துயரம்.

பங்குதாரரை மட்டும் குறை கூறுவது எளிது. தம் முதலுக்கு அஞ்சுவது வணிகர் இயல்பு, அவர்களும் குடும்பமுடையோர். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஊதியம் வருங்கால் பங்கு கேட்போர், இழப்பு வருங்கால் அதனை ஒருவர் தலையிலேயே சுமத்திவிட்டு விலகலாமா? அறக்கட்டளை, சங்கம், கூட்டுறவு எனப் பலர் பொருளைச் சேர்த்து நடத்தும் நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

சிறையில் பிறந்த அறநூல்கள்

சிறையில் உடல் செக்கைச் சுற்றியது. உள்ளம் நூல்களைச் சுற்றியது. ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூல்களை அவர் மொழிபெயர்க்கத் தொடங்கினார். மனம்போல வாழ்வு, அகமே புறம், வலிமைக்கு மார்க்கம், சாந்திக்கு மார்க்கம் ஆகியன அவ்வரிசையில் வெளிவந்தவை. புறத்தே நிகழ்வன யாவும் அகத்தில் எழுந்த எண்ணங்களின் விளைவே என்பது அந்நூல்களின் சாரம். செய்த வினையின் பயன் செய்தவனையே சேரும், அதனை மாற்றும் ஆற்றலும் அவனிடமே உள்ளது என்னும் நம் வினைக்கொள்கையை அறிந்தோர்க்கு இக்கருத்து அந்நியமன்று. தம்மைச் செக்கில் பூட்டியவரை வெறுத்துப் பொழுதைக் கழியாமல் தம் மனத்தை ஆராய்வதற்கு அவர் சிறையைப் பயன்படுத்திக்கொண்டார்.

மெய்யறம் என்னும் செய்யுள் நூலையும் அவர் இயற்றினார். மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐந்து பகுப்புகளில் 125 அதிகாரங்கள் கொண்டது அந்நூல். திருக்குறளை நெஞ்சில் வைத்து எழுதியது என்பது அதன் அமைப்பிலேயே தெரியும். மெய்யறிவு என்பது மற்றொரு நூல். தம் வரலாற்றையும் அவர் செய்யுளாகவே எழுதினார்.

வெறுங்கையோடு விடுதலை

1912ஆம் ஆண்டு டிசம்பரில் சிதம்பரனார் விடுதலையானார். கைதானபோது கடையடைத்துக் கலங்கிய மக்கள் கூட்டம் சிறைவாயிலில் இல்லை. விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே வந்தனர். சிவாவோ சிறையிலேயே தொழுநோய்க்கு ஆளாகியிருந்தார். கம்பெனி இல்லை; கப்பல் இல்லை; வழக்கறிஞர் சன்னதும் பறிக்கப்பட்டிருந்தது. சேர்த்த பொருள் இயக்கத்திலும் வழக்கிலும் கரைந்திருந்தது.

மனைவி மக்களுடன் சென்னையில் குடியேறினார். மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். பெருங்கம்பெனி நடத்திய கைகள் படியும் தராசும் பிடித்தன. தொழில் எதுவாயினும் நேர்மை குன்றாமை அவர் இயல்பு. ஆனால் கடை வளரவில்லை. வறுமையிலும் சென்னைத் தொழிலாளர் சங்கப் பணிகளில் ஈடுபட்டார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருடைய நிலையறிந்து பொருள் திரட்டினர். அது காந்தியடிகள் வழியாக வந்து சேர வேண்டியிருந்தது. 1915ஆம் ஆண்டு சென்னை வந்த காந்தியடிகளுக்கும் சிதம்பரனாருக்கும் இதுபற்றிக் கடிதங்கள் நடந்தன. உரிமையுள்ள தொகையைப் பணிவோடும் தன்மானம் குன்றாமலும் கேட்டு எழுதிய அக்கடிதங்களில் அவருடைய வறுமையும் தெரியும், பெருந்தன்மையும் தெரியும்.

காந்தியடிகள் முத்து, வைர வணிகரும் சமண ஞானியுமான ஸ்ரீமத் ராஜ்சந்திரரைத் தம் வழிகாட்டிகளுள் ஒருவராகப் போற்றியவர். அகிம்சை அவருக்கு வாழ்க்கை முழுமைக்குமான சமயம். சிதம்பரனாரோ திலகரின் மாணவர். 1920இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரசுக்குச் சென்றும், ஒத்துழையாமைத் திட்டத்தில் உடன்பாடு இன்றி விலகி நின்றார். இவ்வேறுபாட்டை மறைக்க வேண்டுவதில்லை. உண்மையெனத் தாம் கருதியதைப் பெரியோர் முன்னும் ஒளிக்காமை அவருடைய வாய்மையின் ஒரு கூறு. ஒரு பொருளைப் பல கோணங்களில் நின்று காணலாம் என்னும் அநேகாந்த நெறியினராகிய நாம், இருவரையும் அவரவர் நிலையில் வைத்து மதித்தல் இயலும். பின்னர் 1927இல் அவர் காங்கிரசுக்குத் திரும்பிச் சேலத்தில் நடந்த அரசியல் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார்.

கோயம்புத்தூரில் சிறிது காலம் வங்கிப் பணியிலும் இருந்தார். பறிக்கப்பட்ட சன்னதைத் திரும்பப் பெற நீதிபதி வாலஸ் துணைபுரிந்தார். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்தவர் ஆங்கிலேயர் ஒருவர் செய்த நன்றியை மறக்கவில்லை. தம் மகனுக்கு வாலேஸ்வரன் எனப் பெயரிட்டார். பகை ஆட்சியோடுதான், ஆளோடன்று என்பதை அப்பெயர் இன்றும் சொல்கிறது.

கழுகுமலைக்கு அருகே

சன்னது மீண்டபின் அவர் கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். அவ்வூருக்கு அருகில்தான் கழுகுமலை உள்ளது. பாண்டியர் காலத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட மலை அது. குரவரும் குரத்தியரும் ஊராரும் செய்வித்த அத்திருமேனிகளின் கீழ் வட்டெழுத்தில் அவர்தம் பெயர்கள் உள்ளன. அம்மலையில் வாழ்ந்த துறவியர் போன்றோர் பேணிய தமிழ்ப் புலமைக்கும் சிதம்பரனாருக்கும் ஒரு தொடர்பு உண்டு. தொடக்கத்தில் குறிப்பிட்ட மற்றொரு காரணம் இதுவே.

திருக்குறளுக்குப் பழைய உரைகள் பத்து இருந்தன என்பர். அவற்றுள் பரிமேலழகர் உரையே பரவலாகப் பயிலப்பட்டது. அதற்கும் முற்பட்ட மணக்குடவர் உரை ஏட்டில் கிடந்தது. அதன் அறத்துப்பாலை 1917ஆம் ஆண்டு அச்சில் வெளியிட்டவர் சிதம்பரனார். கடை வைத்துப் பிழைக்க வழியின்றித் தவித்த ஆண்டுகளில் அவர் செய்த பணி இது. தொல்காப்பியத்தின் முதல் உரையாசிரியர் இளம்பூரணர். அவ்வுரையில் எழுத்ததிகாரத்தை 1928இல் பதிப்பித்தார். பொருளதிகாரத்தைப் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையுடன் சேர்ந்து பதிப்பித்தார். இளம்பூரண அடிகள் சமணத் துறவியாவார் என்பது அறிஞர் பலர் கருத்து. மணக்குடவரையும் சமணர் எனக் கொள்வோர் உளர், மறுப்போரும் உளர். திருக்குறளையே ஏலாச்சாரியராகிய குந்தகுந்தர் அருளியது எனப் போற்றுவது நம் மரபு.

சிதம்பரனாரோ சிவஞான போதத்துக்கு உரை எழுதிய சைவர். எனினும் உரையாசிரியரின் சமயம் யாதென அவர் பார்க்கவில்லை. உரையின் தெளிவையும் தொன்மையையுமே பார்த்தார். கப்பல் கம்பெனியில் எல்லாச் சமயத்தாரையும் ஒரே ஏட்டில் சேர்த்த அதே உள்ளம் சுவடிப் பணியிலும் தொழிற்பட்டது. கடலில் கப்பல் நிலைக்கவில்லை. கரையில் அவர் மீட்ட நூல்கள் நிலைத்தன. ஏடுகளைப் படியெடுத்து வழங்கும் சாத்திர தானத்தைச் சிறந்த தானங்களுள் ஒன்றாகக் கருதும் நாம் அவருக்குப் பட்ட கடன் சிறிதன்று.

கடைசிக் கணக்கு

1932இல் சிதம்பரனார் தூத்துக்குடிக்கே திரும்பினார். தொழிலில் பெரிய வருவாய் இல்லை, உடல்நலமும் குன்றிற்று. இறுதி நாள் நெருங்குவதை உணர்ந்து உயில் எழுதினார். அவ்வுயிலில் பகிர்ந்தளிக்கச் சொத்து அதிகம் இல்லை. எண்ணெய்க் கடைக்கு இவ்வளவு, துணிக் கடைக்கு இவ்வளவு, வீட்டு வாடகைக்கு இவ்வளவு எனத் தாம் கொடுக்க வேண்டிய சிறு சிறு பாக்கிகளையெல்லாம் குறித்திருந்தார். தமக்கு நாடு தர வேண்டியது எவ்வளவு என்று அவர் எழுதவில்லை. தாம் பிறர்க்குத் தர வேண்டியதை மட்டும் எழுதினார். கள்ளாமை என்னும் விரதத்துக்கு இதனினும் சிறந்த உரை வேண்டுமோ?

1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், தம் விருப்பப்படி தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில், பாரதியாரின் பாடல்களைக் கேட்டவாறே அவர் உயிர் நீத்தார். அவருக்கு அப்போது வயது 64. நாடு விடுதலை பெற இன்னும் பதினோராண்டுகள் இருந்தன.

பின்னர்ச் சிறப்புகள் பல வந்தன. நூற்றாண்டு நிறைந்த 1972இல் அஞ்சல்தலை வெளியாயிற்று. ஒரு காலத்தில் மாவட்டமே அவர் பெயரைத் தாங்கிற்று. கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் இழுத்த செக்கு நினைவுப் பொருளாகக் காக்கப்படுகிறது. 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் துறைமுகம் எனப் பெயர் சூட்டப்பட்டது. அன்று பெருங்கப்பல்கள் நெருங்க இயலாதிருந்த கரையில் இன்று அவை தளத்தையே ஒட்டி நிற்கின்றன. 

ஆயினும் வாழுங்காலத்தில் மளிகைக் கடை நடத்தித் தவித்தவருக்கு, மறைந்தபின் சூட்டும் பெயர் முழு ஈடாகாது. பொதுப்பணிக்காகத் தம் தொழிலை இழந்தோர், நேர்மைக்காக நட்டம் அடைந்தோர், பலர் நன்மைக்காகத் தனியே சுமை தாங்குவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் கடையைத் திறந்து வைத்திருக்கும்போதே அங்குச் சென்று பொருள் வாங்குவதும், அவர்கள் குழந்தைகளின் கல்விக்குத் துணை நிற்பதும், கூட்டாகத் தொடங்கிய செயலின் இழப்பையும் கூட்டாகவே ஏற்பதும் இல்லறத்தார் செய்யத்தக்க நோன்புகள். நம் கணக்கேட்டில் வரவைப் பார்க்கும் நாளில், கொடுக்க வேண்டியவற்றையும் ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்ப்போமாக. சிதம்பரனாரின் கடைசிக் கணக்கு நமக்கு விட்டுச்சென்ற பாடம் அதுவே.

அறம் வளர்க.